ஓய்வும் முடக்கமும்

ஓய்வு வேறு, முடக்கம் வேறு. இரண்டிலும் மனிதன் வீட்டில்தான் இருக்கிறான் என்பதால் இரண்டையும் ஒன்றாகவே எண்ணிவிடுகிறோம்.

2020ஆம் ஆண்டு மார்ச் மாத நடுவில் தமிழ்நாட்டுக் கல்லூரிகள் மூடப்பட்டன. 25ஆம் தேதி நாடெங்கும் ஊரடங்கு தொடங்கியது. மலைக்கோட்டையைச் சுற்றியுள்ள கடைத்தெருக்கள் சந்தடி இழந்தன. ஸ்ரீரங்கத்தில் பெருமாளுக்குப் பூஜை நடந்தது. சேவிக்கத்தான் பக்தர்கள் இல்லை. அவ்வாண்டு ஆடிப்பெருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையில், முழு ஊரடங்கு நாளில் வந்தது. அம்மா மண்டபத்துப் படித்துறையில் யாருமில்லாமல் காவேரி தனியே போய்க்கொண்டிருந்தாள்.

அந்த மாதங்களில் இளைஞர்களுக்கு ஓர் உபதேசம் ஓயாமல் கிடைத்து வந்தது. "இவ்வளவு ஓய்வு இனி வாழ்நாளில் கிடைக்காது, எழுதுங்கள், படியுங்கள், எதையாவது சிருஷ்டியுங்கள்" என்றார்கள் பெரியவர்கள். உதாரணத்துக்கு நியூட்டன் தயாராக இருந்தார். 1665இல் கொள்ளைநோய்க்கு அஞ்சிக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் மூடப்பட்டபோது, 22 வயது நியூட்டன் தம் கிராமத்து வீட்டுக்குப் போய், கணிதத்திலும் ஒளியியலிலும் புதுவழிகள் கண்டார். உண்மைதான். ஆனால் அந்த வீட்டுக்குச் சொந்தமாக நிலபுலன்கள் இருந்தன என்பதை உபதேசம் செய்தவர்கள் சேர்த்துச் சொல்லவில்லை.

கல்லூரிகள் மீண்டும் திறந்த பிறகு, திருச்சியில் மாணவ மாணவியர் சிலரோடு ஒரு மாலை பேசிக்கொண்டிருந்தேன். ஒருவன் 40 கவிதைகள் எழுதியிருந்தான். இன்னொருவன், மாமா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பாமலே போன பிறகு ஐந்து மாதங்கள் புத்தகத்தில் ஒரு பக்கத்தையும் தாண்ட முடியவில்லை என்றான். ஸ்ரீரங்கத்துப் பெண் ஒருத்தி வெகுநேரம் பேசாதிருந்துவிட்டு, "நான் அந்த நாட்களை வீணாக்கிவிட்டேனா, சார்?" என்று கேட்டாள்.

அவள் தகப்பனார் கல்யாணச் சமையல் கோஷ்டியில் இருப்பவர். ஐம்பது பேருக்கு மேல் கல்யாணத்துக்குக் கூடாது என்றான பின் அவருக்கு வேலை ஏது? தாயார் வடாம் இட்டார். மகள் தெருத்தெருவாய்க் கொண்டுபோய்க் கொடுத்தாள். வீட்டில் இருந்த ஒரே கைபேசி காலை முழுவதும் தம்பியின் வகுப்புக்கு. இரவில், பார்வை மங்கிய பாட்டிக்குப் பழைய தொடர்கதை ஒன்றைப் படித்துக் காட்டுவாள். பாட்டியே வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்துச் சேர்த்துப் பைண்டு செய்து வைத்திருந்தது. நடுவே சில பக்கங்களைக் கரையான் தின்றிருந்தது.

"அந்த இடத்தில் என்ன செய்வாய்?" என்றேன்.

"நானே ஏதாவது சொல்லி ஒட்டிவிடுவேன். 'இது அவர் எழுதினதில்லைடீ' என்று பாட்டி கண்டுபிடித்துவிடுவாள். அப்புறம், 'சரி, மேலே சொல்லு' என்பாள்."

'பெண்ணே, அதுதான் சிருஷ்டி!' என்று சொல்ல என் நாக்குத் துடித்தது. சொல்லவில்லை. சொல்லியிருந்தால், அந்தக் கதையில் கரையான் தின்னாத பக்கங்களை அவள் படித்த இரவுகளெல்லாம் வீண் என்று ஆகிவிடாதா?

அவள் ஊரிலேயே இதற்கு ஒரு பழைய சாட்சி உண்டு. வேதாந்த தேசிகர் ஸ்ரீரங்கத்தில் ஒரே இரவில் 1008 சுலோகங்களால் 'பாதுகா சஹஸ்ரம்' இயற்றினார் என்பது மரபு. அவருடைய வேறோர் இரவையும் குருபரம்பரைக் கதைகள் சொல்கின்றன. 14ஆம் நூற்றாண்டில் டெல்லிப் படை ஸ்ரீரங்கத்தைச் சூறையாடியபோது, அவர் பிணங்களுக்கிடையே பிணம்போல் கிடந்தாராம். சுதர்சன சூரியின் 'சுருதப் பிரகாசிகை' ஏட்டையும் அவருடைய இரு பிள்ளைகளையும் காப்பாற்றினாராம். அந்த இரவில் அவர் ஒரு வரிகூட இயற்றவில்லை. காத்த நூலும் பிறருடையது. காத்த குழந்தைகளும் பிறருடையவர்கள். எந்த இரவு பெரியது என்று தராசில் வைக்க எனக்குத் துணிவில்லை. ஆனால் இரண்டாவது இரவை வீண் என்று சொல்லக் கூடியவர் யார்?

இதனால் சோம்பலுக்கு நான் வக்காலத்து வாங்குவதாக எண்ண வேண்டாம். தனியறையும், வேளாவேளைக்குச் சோறும், கவலையற்ற மனமும் வாய்த்தவனுக்கு அந்த மாதங்கள் மெய்யாகவே ஓய்வு. அவனைப் பார்த்து, 'என்ன படைத்தாய்?' என்று கேட்பது நியாயம். நாற்பது கவிதைகள் எழுதியவனைப் பாராட்டுவதும் நியாயம். மற்றவர்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்குமுன், 'உனக்கு என்ன கிடைத்திருந்தது?' என்று கேட்க வேண்டும். மாமாவை இழந்தவன் யாருக்கும் கணக்குக் காட்ட வேண்டியதில்லை.

நான் கதை எழுதிப் பிழைப்பவன். ஆகவே படைப்பைக் குறைத்துப் பேசுவதில் எனக்கு ஆதாயம் இல்லை. ஆயினும் எழுதுகிறவனுக்குத் தெரிந்த ஓர் உண்மை உண்டு. எந்தக் கதையும், விளக்கருகே உட்கார்ந்து அதை இன்னொருவருக்குப் படித்துக் காட்ட ஓர் ஆள் இருக்கிற வரையில்தான் உயிரோடிருக்கிறது.

அந்தப் பெண்ணிடம், "இல்லை அம்மா, வீணாகவில்லை" என்று மட்டும் சொன்னேன். "பாட்டிக்குக் கதை முடிந்ததா?" என்று கேட்டேன். இன்னும் இரண்டு அத்தியாயம் பாக்கி என்றாள்.