பென்சில் கோட்டை யார் பார்ப்பது?

பிரிட்டனில் சொந்தப் பாய்மரப் படகை உல்லாசத்துக்காக ஓட்ட உரிமம் தேவையில்லை. காலையில் ஒரு யாட்டை வாங்கி, மாலையில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஆங்கிலக் கால்வாயைக் கடக்கப் புறப்படுபவரை அந்நாட்டுச் சட்டம் சான்றிதழ் கேட்டுத் தடுப்பதில்லை. இருந்தும் படகோட்டப் பழகுகிறவர்களில் பலர், 1875இல் வேறு பெயரில் தொடங்கிய ராயல் யாட்டிங் அசோசியேஷன் வகுத்த திட்டத்தில் சேர்ந்து, கடலில் இறங்குமுன் கரையிலேயே பாடம் படிக்கிறார்கள். ‘டே ஸ்கிப்பர்’ படிக்கு மட்டும் ஏறத்தாழ 40 மணி நேரப் பாடம்: கடல் வரைபடம், ஓதக் கணக்கு, மோதல் தவிர்ப்பு விதிகள், வானிலை, பயணத் திட்டம். அதற்கு மேல் ‘யாட்மாஸ்டர்’ பாடம். இவற்றை வாரம் ஒரு மாலை என்று குளிர்காலம் முழுக்க வகுப்பில் படிக்கலாம். ஐந்தாறு நாளில் ஒரே மூச்சாக முடிக்கலாம். வீட்டில் திரை முன்னாலும் படிக்கலாம். எதைத் தேர்வது என்பதற்குப் பெரும்பாலோர் கட்டணம், தூரம், விடுப்பு ஆகியவற்றைக் கூட்டிக் கழித்து விடை காண்கிறார்கள். யாரும் கட்டாயப்படுத்தாத படிப்பு இது. ஆகவே இன்னொரு கணக்கும் போட வேண்டியிருக்கிறது: நான் செய்யும் பிழை எங்கே, யார் கண்ணில், எவ்வளவு சீக்கிரம் படும்?

வகுப்பறையா திரையா என்ற வாதம் கல்வித்துறையில் பழையது. பாடம் எந்த ஊடகத்தில் வருகிறது என்பதைவிட எப்படிக் கற்பிக்கப்படுகிறது என்பதே பலனைத் தீர்மானிக்கிறது என்று 1983இலேயே கல்வி ஆய்வாளர் ரிச்சர்ட் கிளார்க் வாதிட்டார். அமெரிக்கக் கல்வித்துறை 2010இல் வெளியிட்ட தொகுப்பாய்வும், இணையவழி படித்தவர்கள் சராசரியில் சற்று மேலாகவே தேறியிருந்தாலும், கூடுதல் நேரமும் கூடுதல் பயிற்சியும் அதற்குக் காரணமாக இருக்கலாம் என்று எச்சரித்தது. ஆசிரியர் முகத்தைப் பார்த்தால்தான் படிப்பு ஏறும் என்பாருக்கும், இனி வகுப்பறை வீண் என்பாருக்கும் இதில் ஆதாரம் கிடைக்காது. பொதுவில் இரண்டும் சமம் என்றால், நாம் படிக்கப்போகும் பாடத்தைப் பிரித்துப் பார்த்துத்தான் முடிவுக்கு வர முடியும். கடற்பாடத்தில் மூன்று வகை அறிவு கலந்து கிடக்கிறது. ஒவ்வொன்றிலும் பிழை வேறு வேறு இடத்தில் ஒளிந்துகொள்கிறது.

முதல் வகை, கண்டதும் அடையாளம் காண்பது. இரவில் ஒன்றைவிட மற்றொன்று உயரமாக இரண்டு வெள்ளை விளக்குகளும் ஒரு சிவப்பு விளக்கும் தெரிந்தால், பெரும்பாலும் 50 மீட்டருக்குக் குறையாத இயந்திரக் கப்பல் ஒன்று தன் இடப்பக்கத்தைக் காட்டிக்கொண்டு போகிறது என்று பொருள். மிதவைகளின் நிறம், மூடுபனியில் ஒலிக்கும் குறிகள், 1972ஆம் ஆண்டின் மோதல் தவிர்ப்பு விதிகள் எல்லாம் இந்த வகை. இங்கே விடை சரி, தவறு என்ற இரண்டே. பிழை ஒளிய இடமில்லை. கணினி சலிக்காமல் கேட்கும், உடனே திருத்தும், தவறியதை மறுநாளும் கேட்கும். இடைவெளி விட்டுப் படித்தது நிற்கும், ஒரே மூச்சில் படித்தது கரையும் என்று உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885இல் சோதித்துக் காட்டியது இன்றுவரை நிலைத்திருக்கிறது. ஆகவே விளக்குகளையும் விதிகளையும் மூன்று மாதம் தினம் கால்மணி நேரம் திரையில் பார்த்தவர், ஐந்து நாளில் வகுப்பில் விழுங்கியவரைவிட அடுத்த கோடையில் கூடுதலாக நினைவு வைத்திருப்பார். இந்தப் பகுதியில் திரைக்கே என் வாக்கு.

இரண்டாவது வகை, படிப்படியாகக் கட்டி எழுப்பும் கணக்கு. நீரோட்டம் படகைப் பக்கவாட்டில் தள்ளும்போது எந்தத் திசையில் சுக்கானைப் பிடித்தால் நினைத்த கோட்டில் போகலாம் என்பதை வரைபடத்தில் ஒரு முக்கோணம் போட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். புறப்படும் இடத்திலிருந்து சேருமிடத்துக்கு ஒரு கோடு; அதே இடத்திலிருந்து ஒரு மணி நேர நீரோட்டத்துக்கு இன்னொரு கோடு; நீரோட்டக் கோட்டின் நுனியில் டிவைடரை ஊன்றி, படகு ஒரு மணியில் ஓடும் தூரத்தை முதல் கோட்டின் மேல் வெட்ட வேண்டும். வெட்டிய புள்ளியை நுனியோடு சேர்த்தால் வேண்டிய திசை கிடைக்கும். புதிதாகப் படிப்பவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு, நீரோட்டக் கோட்டின் நுனியை நேராகச் சேருமிடத்தோடு இணைத்துவிடுவது. சேருமிடம் தற்செயலாக ஒரு மணி நேரத் தூரத்தில் இருந்தால், இந்தத் தவறான முறையிலும் ஏறக்குறைய சரியான விடை வந்துவிடும். விடையை மட்டும் பார்க்கும் கணினி பச்சை விளக்கைப் போட்டுவிடும். தோளுக்கு மேலாக எட்டிப் பார்க்கும் ஆசிரியரோ, கோடு போடும்போதே கையைப் பிடித்து நிறுத்திவிடுவார்.

ஓதக் கணக்கிலும் இதே கதை. சென்னைக் கடலில் நீர்மட்டம் ஏறி இறங்குவது ஏறத்தாழ ஒரு மீட்டர். அதனால் இந்தக் கணக்கின் கனம் நமக்குச் சட்டென்று உறைப்பதில்லை. பிரிஸ்டல் கால்வாயின் மேற்பகுதியில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அது 12 மீட்டரைத் தாண்டும். ஏறும் ஆறு மணி நேரத்தில் நடு இரண்டு மணிகளில் மட்டும் மணிக்கு மொத்தத்தில் கால் பங்கு, அதாவது 3 மீட்டர், ஏறும். பிரிட்டனின் ஓத அட்டவணைகள் வழக்கமாக உலகப் பொது நேரத்தில் அச்சாகின்றன. கோடையில் ஒரு மணி கூட்டிக்கொள்ள வேண்டும். அதைக் கூட்ட மறந்தவர், 3 மீட்டர் வரை இல்லாத நீரை இருப்பதாக நம்பிப் படகைச் செலுத்துவார். கணக்கின் மற்ற படிகள் எல்லாம் பழுதில்லாமல் இருக்கும். ‘விடை தவறு’ என்று சொல்லும் திரை, எந்தப் படியில் தவறு என்று சொல்லாவிட்டால், படிப்பவர் சரியான படிகளையே சந்தேகித்துக் கலைக்கத் தொடங்குவார்.

மூன்றாவது வகை, முடிவெடுப்பது. ஆல்டர்னி தீவுக்கும் பிரான்சுக்கும் இடையே நீரோட்டம் சில நாள் 8 நாட் (மணிக்கு 8 கடல் மைல்) வேகத்தையும் மிஞ்சும். சராசரி யாட்டின் வேகம் ஐந்தாறு நாட்தான். எப்போது புறப்படுவது, காற்று எதிர்த்தால் எங்கே ஒதுங்குவது என்பதற்கு ஒற்றை விடை கிடையாது. ஒரே கேள்விக்கு எட்டுப் பேர் எட்டுத் திட்டம் போட்டு, ஒவ்வொருவரும் தம்முடையதற்குக் காரணம் சொல்லும்போதுதான், தாம் எதை யோசிக்கவே இல்லை என்பது ஒருவருக்குத் தெரியவருகிறது. தனியாகப் படிப்பவருக்கு மாதிரி விடை ஒன்று காட்டப்படும். அதைப் படித்ததும் தாமும் அப்படித்தான் நினைத்ததாகத் தோன்றிவிடும்.

வகுப்பறை மட்டும் ஏமாற்றாதா என்று கேட்கலாம். நன்றாக ஏமாற்றும். 2019இல் ஹார்வர்டில் இயற்பியல் மாணவர்களிடம் நடந்த ஆய்வில், தாமே முயன்று கணக்குப் போட்ட மாணவர்கள் அதிகம் கற்றார்கள். ஆனால் சரளமான சொற்பொழிவைக் கேட்டவர்களே தாங்கள் அதிகம் கற்றதாக நினைத்தார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்து, கரும்பலகையில் ஆசிரியர் போட்ட முக்கோணத்தை அப்படியே எடுத்துக்கொண்டு போகிறவரின் நிலை, காணொளி பார்த்துத் தலையாட்டுகிறவரின் நிலைதான். பக்கத்து மேசைக்காரரின் விடையைக் கடன் வாங்கும் வசதியும் வகுப்பில் உண்டு. எனவே நாற்காலி, மேசை, கூரை சேர்ந்து வகுப்பறைக்கு ஒரு மேன்மையும் தந்துவிடுவதில்லை. படிப்பவரின் கையில் பென்சிலைக் கொடுத்து, அது போகும் வழியை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தால் மட்டுமே அந்தக் கட்டணத்துக்குப் பொருள் உண்டு.

அடுத்த மறுப்பு வலுவானது: எல்லாம் ஜிபிஎஸ் ஆகிவிட்ட காலத்தில் பென்சில் எதற்கு? பிரிட்டிஷ் கடல்வரைபட அலுவலகமே காகித வரைபடங்களைக் கைவிடும் எண்ணத்தை 2022இல் அறிவித்தது. பிறகு அதைக் குறைந்தது 2030 வரை தள்ளிவைத்தது. காகிதம் போகட்டும், அதோடு சந்தேகிக்கும் பழக்கமும் போய்விடக் கூடாது. 2014 நவம்பரில், உலகைச் சுற்றும் வால்வோ ஓஷன் பந்தயத்தில் ‘டீம் வெஸ்டாஸ் விண்ட்’ என்ற படகு இந்தியப் பெருங்கடலில் கார்காடோஸ் கராஜோஸ் பவளத்திட்டின் மேல் ஏறி நொறுங்கியது. ஒன்பது பேரும் உயிர் தப்பினார்கள். தேர்ந்த மாலுமிகள், நவீனக் கருவிகள். ஆனால் மின்வரைபடத்தைப் போதிய அளவு பெரிதாக்கிப் பார்க்காததால் திட்டு அவர்கள் கண்ணில் படவில்லை. திரை காட்டுவதைத் தாண்டிக் கேள்வி கேட்கப் பழகுவதே இந்தப் பாடத்தின் சாரம். திரையில் பச்சை விளக்கு வந்தால் போதும் என்று பழகிய மனத்துக்கு அந்தக் கேள்வி எழுவது கடினம்.

கரையில் படிப்பதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய், கடலே கற்றுக்கொடுக்கும் என்பவர்களும் உண்டு. யாட்மாஸ்டர் செய்முறைத் தேர்வுக்குக் கோட்பாட்டுச் சான்றிதழ் கட்டாயமில்லை என்பது அவர்களுக்குத் துணை. கடல் கற்பிக்கும் என்பது உண்மை. ஆனால் அது ஒழுங்கான ஆசிரியர் அன்று. விதி தெரியாமல் குறுக்கே போனவருக்குப் பல தடவை எதிரே கப்பல் வராது. ஓதத்தைத் தவறாகக் கணக்கிட்டவருக்கு அன்று ஆழம் மிச்சமிருக்கும். தண்டனை இல்லாமல் கடந்துபோன தவறு அனுபவம் என்ற பெயரில் நிலைத்துவிடுகிறது. அது வெளிப்படும் நாளில் விலை கொடுப்பவர்கள், படகோட்டியின் கணக்கை நம்பி ஏறிய மற்றவர்களும்தான்.

கடைசி மறுப்பு வசதி பற்றியது. இரவுப் பணி செய்யும் செவிலியரும், கைக்குழந்தையோடு இருப்பவரும், கடலிலிருந்து நூறு மைல் தள்ளி வாழ்பவரும் வாரந்தோறும் வகுப்புக்கு வர முடியாது. அவர்களுக்குத் திரைவழிப் படிப்பு திறந்த கதவு; அதை இரண்டாந்தரம் என்று தள்ளுவது அநியாயம். ஆபத்து இன்னொன்று: பாதியில் நிற்பது. ஹார்வர்டும் எம்ஐடியும் நடத்திய இலவசத் திறந்த பாடங்களை ஆராய்ந்த 2019ஆம் ஆண்டுக் கட்டுரையின்படி, 2017-18இல் பதிந்தவர்களில் நூற்றுக்கு மூன்று பேர் அளவே முடித்தார்கள். பணம் கட்டிச் சான்றிதழுக்குப் பதிந்தவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானோர் முடித்தார்கள். கடற்பாடம் பணம் கட்டிப் படிப்பது, ஆர்வத்தோடு சேர்வது. எனவே நிலைமை அவ்வளவு மோசமாக இராது. ஆனாலும் எதிர்பார்த்துக் காத்திருக்கும் மனிதர் ஒருவர் இருப்பது, முடிப்பதற்கும் திருத்திக்கொள்வதற்கும் ஒருசேர உதவுகிறது.

ஆகவே இரண்டும் வாய்ப்பவர், விளக்குகளையும் விதிகளையும் திரையில் மாதக்கணக்கில் பரப்பிப் படித்துவிட்டு, வரைபடக் கணக்குக்கும் பயணத் திட்டத்துக்கும் ஓர் ஆசிரியர் முன் உட்காருவதே சிறந்தது. திரை மட்டுமே வாய்ப்பவர், தபாலில் வரும் பயிற்சி வரைபடத்தில் தாம் போட்ட கோடுகளைப் படமெடுத்து ஆசிரியருக்கு அனுப்ப வேண்டும். விடையை மட்டும் அனுப்பினால் போதாது. சேருமுன் பள்ளியிடம் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: என் கோடுகளை யார் பார்ப்பார்கள், எத்தனை நாளில் பதில் சொல்வார்கள்? இதற்கு நேரான பதில் தரும் இணையப் பள்ளி, அந்தப் பதில் இல்லாத வகுப்பறையைவிட மேல். எந்த வழியில் படித்தாலும் சான்றிதழ் ஒன்றே. சட்டமோ அதையும் கேட்பதில்லை. அதனாலேயே, தன் வேலையை இன்னொருவர் பார்வைக்கு வைக்கும் பொறுப்பு முழுவதும் படிப்பவரையே சேர்கிறது.