தென்படாதது இல்லாததா?

யூஎஸ்பி மைக் ஒன்றைக் கணினியில் செருகுகிறார் ஒருவர். மைக்கில் விளக்கு எரிகிறது. விண்டோஸின் ஒலிப் பட்டியலில் அதன் பெயரைக் காணோம். மைக் போய்விட்டது என்று முடிவுகட்ட அவருக்கு அரை நிமிடம் போதும்.

கண்ணில் படாததை 'இல்லை' என்று சொல்ல யாருக்கு என்ன உரிமை? இந்திய மெய்யியலார் நெடுங்காலம் வாதாடிய கேள்வி இது. இன்மையை அறியத் தனி அளவையே (அறியும் வழியே) உண்டு என்றார் மீமாம்சகர் குமாரில பட்டர். காட்சியே போதும் என்று நியாயவாதிகள் மறுத்தனர். மணிமேகலையின் 27ஆம் காதையில் வைதிகவாதி அடுக்கும் பத்து அளவைகளில் அபாவமும், அதாவது இன்மையும், ஒன்று. வழக்கு எதுவானாலும் இரு தரப்பும் ஒரு நிபந்தனையை விட்டுக்கொடுக்கவில்லை: பொருள் அங்கே இருந்திருந்தால் தென்பட்டே தீரும் என்ற நிலை வேண்டும். இருட்டறையில் பானை தெரியாதது பானையின் இன்மைக்குச் சான்றாகாது.

கணினிக்குள் அந்த இருட்டு பல அடுக்காக இருக்கிறது. விளக்கு எரிவது மின்சாரம் வருவதை மட்டுமே காட்டும். சார்ஜ் ஏற்றுவதற்கென்றே வரும் கேபிள்களில் தரவுக் கம்பிகள் இருப்பதில்லை. கம்பி இருந்தால், சாதனத்திலுள்ள 1.5 கிலோ ஓம் மின்தடை அவற்றில் ஒன்றின் மின்னழுத்தத்தை உயர்த்தும். ஏதோ வந்திருக்கிறது என்று போர்ட் உணர்வது அப்போதுதான். அடுத்து, 'நீ யார்' என்று கணினி கேட்கும். சரியான பதில் வராவிட்டால் டிவைஸ் மேனேஜரில் 'அன்னோன் யூஎஸ்பி டிவைஸ்' என்ற வரியும் கோட் 43ம் தோன்றும். இருப்பு தெரிந்துவிட்டது, அடையாளம்தான் தெரியவில்லை. அடையாளம் தெரிந்தாலும் டிரைவர் வேண்டும்: யூஎஸ்பி ஆடியோ 2.0 சாதனங்களுக்கு விண்டோஸ் சொந்த டிரைவர் தந்ததே 2017இல், விண்டோஸ் 10இல்தான். அதற்கு முந்தைய கணினியில், தயாரிப்பாளரின் டிரைவர் இல்லாவிட்டால், பழுதில்லாத சாதனமும் ஊமையாகிவிடும். டிசேபிள் ஆன மைக் பட்டியலில் மறைந்து கிடக்கலாம். பிரைவசி அனுமதி மூடியிருந்தால் பெயர் தெரியும், குரல் பதியாது.

வேறு கேபிள், ஹப் இல்லாத நேரடி போர்ட், இன்னொரு கணினி என்று மாற்றி மாற்றிப் பார்ப்பதைப் பலர் குருட்டு முயற்சி என்று நினைக்கிறார்கள். மைக் நன்றாக இருந்தால் தென்பட்டே ஆகவேண்டிய நிலையை உண்டாக்கும் ஒழுங்கான வேலை அது. அதன் பிறகு சொல்லப்படும் 'இல்லை'க்குத்தான் மதிப்பு.

நியாய ஆசிரியர் உதயனர் தம் நியாயகுசுமாஞ்சலியில் இதே நிபந்தனையை இறைவன் பற்றிய வாதத்துக்குக் கொண்டுசென்றார். புலனுக்கு எட்டும் இயல்பே இல்லாத ஒன்றைக் காணவில்லை என்பது அதற்கு மறுப்பாகாது என்பது அவர் வாதம். அத்தோடு இறைவன் நிறுவப்பட்டுவிட்டார் என்று அவர் நின்றுவிடவில்லை. அந்த நேர்மை போற்றத்தக்கது. இறைவன் உண்டு என்பதற்கான அனுமானங்களை, உலகம் ஒரு காரியம் (விளைவு), ஆகவே அதற்கு ஒரு கர்த்தா வேண்டும் என்பதில் தொடங்கி, நூலின் ஐந்தாம் பகுதியில் தனியே கட்டினார்.