பெரியம்மாவின் நெற்றி

போதகர் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. கையில் இருந்த ஈரத் துண்டால் பெரியம்மாவின் நெற்றியைத் துடைத்துவிட்டேன். துடைத்தது ஒரு கீற்றுத் திருநீறு. மூன்று விரலால் இழுத்த பட்டைகூட இல்லை. ஆள்காட்டி விரலால் அவரே தொட்டுத் தீற்றிக்கொண்டது. துண்டை நான் எடுத்ததும் அவருடைய வலது கை மெல்ல எழுந்து நெற்றிக்குப் போனது. ஈரத்தைத் தொட்டது. கீழே இறங்கியது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. போதகர் உள்ளே வந்தார், ஜெபம் செய்தார், பெரியம்மாவின் கையைப் பிடித்தபடி சிறிது நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். ஒன்பதாம் நாள் பெரியம்மா இறந்துபோனார்.

"நோயாளியின் முகத்தைத் துடைத்தாய், இதில் என்ன இருக்கிறது?" என்கிறாள் தங்கை. நான் முகத்தைத் துடைக்கவில்லை. நெற்றியை மட்டும் துடைத்தேன். அது எனக்குத் தெரியும், பெரியம்மாவுக்கும் தெரிந்திருக்கும். அந்தக் கை எழுந்து இறங்கியதுதான் இத்தனை மாதமாக என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

எங்களுடையது யாழ்ப்பாணத்துக் குடும்பம். தாத்தா மலாயா ரயில்வேயில் கிளார்க் வேலைக்கு வந்தவர். பெரியம்மா தன் இருபத்து மூன்றாவது வயதில் ஒரு கிறிஸ்தவரைக் கல்யாணம் செய்து, ஞானஸ்நானம் பெற்று, பெயரும் மாற்றிக்கொண்டார். யாரும் வற்புறுத்தியதாக நான் கேள்விப்பட்டதில்லை. அதன் பிறகு ஐம்பது வருடத்துக்கு மேலாக ஞாயிற்றுக்கிழமை ஆராதனையை அவர் தவறவிட்டதில்லை. கீர்த்தனை பாடும்போது அவர் குரல் தனியாகக் கேட்கும். கடைசிக் காலத்தில் பினாங்குத் தீவில், டத்தோ கிராமாட்டில், எங்கள் அடுக்குமாடி வீட்டில் இருந்தார். தைப்பூசத்துக்கு முதல் நாள் வெள்ளி ரதம் எங்கள் சாலை வழியாகத்தான் தண்ணீர்மலைக்குப் போகும். அவரை ஜன்னலோரம் உட்கார வைத்திருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா கொண்டுவந்து கொடுத்த திருநீற்றுப் பொட்டலம் அலமாரியில் அப்படியே கிடந்தது. இரண்டு வாரம் கழித்து, போதகர் வருவதற்குச் சற்று முன்னால்தான், "பிள்ளை, அதில கொஞ்சம் தா" என்று கேட்டார்.

அந்தக் கையை நினைக்கும்போதெல்லாம், முந்நூற்றைம்பது வருடத்துக்கு முந்திய ஒரு டச்சுப் பாதிரியாரின் ஞாபகம் வருகிறது. ஏன் அவர் என்று பல நாள் எனக்கே புரியவில்லை.

பிலிப்பஸ் பால்டேயஸ். 1632-இல் டெல்ஃப்ட் நகரில் பிறந்தவர். சிறு வயதிலேயே தாய் தகப்பனை இழந்தவர். சீர்திருத்த சபையின் போதகராகி, டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சம்பளத்தில் இலங்கைக்குக் கப்பலேறினார். 1658-இல் கம்பெனி யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கீசரிடமிருந்து பிடித்தபோது அவருக்கு வயது இருபத்தைந்து. அதற்குப் பின் ஏழெட்டு ஆண்டுகள் அங்கேதான் ஊழியம். போர்த்துக்கீசர் விட்டுப்போன கோயில்கள் எல்லாம் அவர் பொறுப்பில் வந்தன. ஊர் திரும்பி அவர் எழுதிய பெரிய நூல் 1672-இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியானது. மலபார், சோழமண்டலக் கரைகளையும் இலங்கையையும் பற்றியது. வாழ்க்கையும் நாற்பது வயதை ஒட்டியே முடிந்துபோனது.

அந்த நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பை வெகுகாலத்துக்கு முன்பு ஒரு நூலகத்தில் புரட்டியிருக்கிறேன். பாதி மறந்துவிட்டது. மறக்காதவை படங்கள். தெல்லிப்பழை, மல்லாகம், வட்டுக்கோட்டை, பண்டத்தரிப்பு என்று ஊர் ஊராகத் தேவாலயங்களை வரைந்து போட்டிருந்தார்கள். அம்மம்மா வாயில் மட்டுமே கேட்டிருந்த ஊர்ப் பெயர்களை ஒரு வெள்ளைக்காரர் புத்தகத்தில் கண்டபோது உடம்பு சிலிர்த்தது. தமிழ் எழுத்துகளையும், தமிழ் இலக்கணம் பற்றிய ஓர் அறிமுகத்தையும் அதில் அச்சிட்டிருந்தார். ஐரோப்பாவில் அச்சான மிகப் பழைய தமிழ்ப் பாடங்களில் அதுவும் ஒன்று. மத்தேயு சுவிசேஷத்தைத் தமிழில் கொண்டுவர உழைத்தவரும் அவரே. பருத்தித்துறையில் ஒரு புளியமரத்தடியில் நின்று அவர் பிரசங்கம் செய்தார் என்று அந்தப் பக்கத்தில் சொல்வார்கள். மரம் இப்போது இல்லை. இரவில் புளியமரத்தின் கீழ் போகாதே என்று பிள்ளைகளை மிரட்டும் சனத்தின் நடுவே, அந்த நிழலைப் பார்த்து ஓர் அந்நியர் நின்றார் என்பதில் எனக்கு அவர்மேல் ஓர் அன்பு உண்டு.

ஆனால் அவருடைய சபை எப்படி நிரம்பியது என்பதையும் சொல்ல வேண்டும். கோயிலோடு பள்ளிக்கூடம். பள்ளிக்கூடத்தில் தோம்பு. பிறப்பும் ஞானஸ்நானமும் கல்யாணமும் அந்த ஏட்டில் ஏற வேண்டும். ஏறாத கல்யாணத்துக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. பிள்ளைக்குக் காணி உரிமையும் சந்தேகம். உத்தியோகம் வேண்டுமென்றால் ஞானஸ்நானம் வேண்டும். பள்ளிக்கு வராத பிள்ளைக்குத் தண்டப் பணம். கத்தோலிக்கக் குருமாருக்குத் தடை, சைவக் கோயில்களுக்கும் தடை. இப்படித்தான் யாழ்ப்பாணத்தில் கிறிஸ்தவர் தொகை ஏட்டில் 60,000-ஐத் தாண்டியது. அவர்களை மேய்க்க இருந்த போதகர்களையோ விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அம்மம்மா இதை 'பறங்கி காலம், ஒல்லாந்தர் காலம்' என்று ஒரே மூச்சில் சொல்வார். வெள்ளிக்கிழமை விரதச் சாப்பாடு முடிந்ததும் அவர் வாழையிலையை எறியமாட்டார். மடித்து, வீட்டுக் கூரையின் இறப்பில் செருகிவைப்பார். அப்போது நாங்கள் ஆயர் ஈத்தாம் பக்கம் தகரக் கூரை வீட்டில் இருந்தோம். செருக இடமே இருக்காது. எக்கி நின்று எப்படியோ செருகுவார். ஏன் அம்மம்மா என்று கேட்டால், முற்றத்தில் இலை கிடந்தால் விரதம் பிடித்தது தெரிந்துவிடும், தண்டனை வரும் என்று அந்தக் காலத்தில் ஒளித்தார்களாம், அதுவே வழக்கமாகிவிட்டதாம். பயந்து செய்தது, பயம் போன பிறகு பக்தியாகிவிட்டது. எனக்கு அப்போது எட்டு வயது. தகரத்துக்கும் மரச் சட்டத்துக்கும் நடுவே காய்ந்து சுருண்டு நின்ற இலைகளை எண்ணியிருக்கிறேன்.

அதே வயதில்தான் பள்ளிக்கூடத்தில் மலாக்காவுக்குக் கூட்டிப்போனார்கள். டச்சுக்காரர் 1753-இல் கட்டி முடித்த சிவப்புக் கோயில். உள்ளே சுரூபமில்லை, மெழுகுவர்த்தி வரிசை இல்லை, வெள்ளைச் சுவர் மட்டும். தரையில் கல்லறைக் கற்கள் பதித்திருந்தன. கும்பிட எதுவுமே இல்லாத இடத்தில் எதைப் பார்த்துக் கும்பிடுவது என்று தெரியாமல் நான் உத்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். பெரியம்மாவிடம் சொன்னேன். "கண்ணை மூடினால் எல்லாக் கோயிலும் வெறும் சுவர்தான், பிள்ளை" என்றார். அன்று அது பதிலாகப் படவில்லை.

அந்த வெறும் சுவருக்குப் பின்னால் ஒரு கடுமையான நம்பிக்கை இருக்கிறது. பால்டேயஸ் பிறப்பதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, 1618–1619-இல், டோர்ட் நகரில் கூடிய சபை மன்றம் ஒன்றை உறுதியாகச் சொன்னது: கடவுள் தம்முடையவர்களைத் தாமே, தம் கிருபையால் மட்டுமே தெரிந்துகொண்டிருக்கிறார், மனிதனின் தகுதி அதில் சேராது. அதையே மூச்சாகக் கொண்டு வளர்ந்தவர், கையில் தோம்போடு ஊர் ஊராகப் போனார். யார் கடவுளுடையவர் என்பது கடவுளுக்கே வெளிச்சம் என்று நம்பியவருக்கு, அந்த ஏட்டில் ஒவ்வொரு பெயரையும் பார்க்கும்போது என்ன தோன்றியிருக்கும்? சனங்கள் பழைய வழக்கங்களை விடவில்லை என்று அவர் தன் நூலில் மனம் நொந்து எழுதியிருக்கிறார். அவருக்குத் தெரியும். தெரிந்தும் பெயர்கள் ஏறின. ஏற்றாமல் விட்டிருந்தால் அந்தப் பிள்ளைக்குக் காணி போயிருக்கும் என்பதும் உண்மைதான்.

இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. நம் சமயத்தைப் பற்றி அவர் எழுதிய பகுதியில் பெரும்பங்கு அவருடைய சரக்கு இல்லை. மலபாரில் இருந்த யாக்கோபோ ஃபெனிச்சியோ என்ற இயேசு சபைக் குருவின் கையெழுத்துப் பிரதியிலிருந்து எடுத்தது. ஸ்வீடன் அறிஞர் சார்ப்பெந்தியர் 1933-இல் மூலத்தைப் பதிப்பித்தபோது அது நன்றாக வெளிப்பட்டது. எந்தச் சபையின் குருமாருக்கு யாழ்ப்பாணத்தில் இடமில்லையோ, அந்தச் சபைக் குருவின் உழைப்பை எடுத்து அவர் பெயரைத் துடைத்திருக்கிறார். இதே மனிதர், அதே சபையைச் சேர்ந்த பிரான்சிஸ் சவேரியாரை மனமாரப் புகழ்ந்தும் எழுதியிருக்கிறார். ஒரே கையால் துடைக்கவும் வணங்கவும் மனிதனால் முடிகிறது. அவரைத் திட்டத்தான் இதை எழுதத் தொடங்கினேன். திட்ட வரவில்லை. என் கையில் ஈரத் துண்டு இருந்தது.

யாருக்குப் பயந்து துடைத்தேன்? எனக்குத் தண்டனை எதுவும் காத்திருக்கவில்லை. காணி போகாது. போதகர் நல்ல மனிதர். நெற்றியைப் பார்த்திருந்தாலும் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டார் என்றே நினைக்கிறேன். பெரியம்மா சங்கடப்படக் கூடாதே என்று நினைத்தேன் என்று முதலில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சங்கடம் என்னுடையது. அவர் யார் என்பது ஒரே பதிலாக இருக்க வேண்டும் என்று நான்தான் விரும்பினேன். ஐம்பது வருடக் கீர்த்தனையை ஒரு கீற்றுத் திருநீறு பொய்யாக்கிவிடும் என்று பயந்திருக்கிறேன்.

கிராமாட் என்றால் மலாயில் புனிதரான ஒரு பெரியவரின் அடக்கத்தலம். இந்தத் தீவில் அப்படிப்பட்ட இடங்களில் சீனர் ஊதுபத்தி கொளுத்துவதையும் தமிழர் கைகூப்புவதையும் பார்த்தே வளர்ந்திருக்கிறேன். நீ எந்தப் பக்கம் என்று அங்கே யாரும் கேட்டதில்லை. அந்தப் பெயர் தாங்கிய பேட்டையில் இருந்துகொண்டு நான் கேட்டுவிட்டேன், அதுவும் வாயால் கேட்காமல், துண்டால்.

1795-இல் யாழ்ப்பாணக் கோட்டை ஆங்கிலேயர் கைக்குப் போனது. கட்டாயம் விலகியதும் ஏட்டில் இருந்த ஆயிரக்கணக்கான பெயர்கள் கோயில்களுக்குத் திரும்பின. பல தேவாலயங்கள் கூரையிழந்து நின்றன. பால்டேயஸின் உழைப்பு வீண் என்று இதை வைத்துச் சொல்வார்கள். அந்த ஆயிரங்களுக்குள் பெரியம்மாவைப் போல் ஒருத்தி, யாரும் கேட்காமலே கண்ணை மூடி அவர் கற்றுக்கொடுத்த ஜெபத்தைத் தமிழில் சொல்லியிருக்க மாட்டாளா? அவள் நெற்றியிலும் வீட்டுக்குள் திருநீறு இருந்திருக்கலாம். அவளை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

பெரியம்மாவின் கை ஏன் எழுந்தது என்றும் தெரியவில்லை. திருநீறு போய்விட்டதா என்று பார்த்தாரா, அல்லது நன்றாகத் துடைத்தாயிற்றா என்று சரிபார்த்தாரா? இரண்டுக்கும் கை அதே போலத்தான் எழும். ஒன்பது நாள் இருந்தது. கஞ்சி ஊட்டினேன், மாத்திரை கொடுத்தேன், இந்த ஒன்றை மட்டும் கேட்கவில்லை. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பெரியவர் இருந்தால், அவர் இருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுவிடுங்கள்.