நாற்காலியும் ஊரும்



ஊரார் தேர்ந்தெடுத்த ஒருவர் மிரட்டலுக்கு அஞ்சிப் பதவியை விட்டு விலகினால், குற்றம் யாருடையது? அவரைக் கோழை என்று சொல்லிவிடுவது எளிது. அது தர்மமான தீர்ப்பு ஆகுமா?

மதுரை மாவட்டம் மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி 1996-ல் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு ஒதுக்கப்பட்டது. முதலில் மனு செய்தவர்கள் மிரட்டலால் விலகிக்கொண்டார்கள். அடுத்து நடந்த வாக்குப்பதிவில் பெட்டியையே பறித்துச் சென்றார்கள். ஆண்டுக் கடைசியில் போலீஸ் காவலுடன் மறு வாக்குப்பதிவு நடந்து, முருகேசன் தலைவரானார். வாக்குப்பதிவுக்குக் கிடைத்த காவல் அவர் உயிரைக் காக்கவில்லை. 1997 ஜூன் 30-ல் மதுரையிலிருந்து பஸ்ஸில் ஊர் திரும்பும் வழியில், அவரும் இன்னும் ஐந்து பேரும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள்.

அதே மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊர்களிலும் தலைவர் பதவி அவ்வாறே ஒதுக்கப்பட்டிருந்தது. அங்கே மனு செய்ய ஆள் வரமாட்டார். வந்து ஜெயித்தாலும் உடனே ராஜினாமா செய்துவிடுவார். இப்படியே பத்து ஆண்டுகள் கழிந்தன. மேலவளவில் அரிவாள் செய்ததை இங்கே அச்சம் செய்து முடித்தது. மிரட்டப்பட்டது ஓர் ஆள். பறிபோனதோ அத்தனை பேருடைய வாக்கு.

2006-ல் நிலை மாறியது. அப்போதைய ஆட்சியர் உதயசந்திரன் ஊர் மக்களிடம் பேசி இணங்க வைத்தார். கட்சிகளும் இயக்கங்களும் துணை நின்றன. தேர்தல் நடந்தது; ஜெயித்தவர்கள் பதவியில் அமர்ந்தார்கள். முதலமைச்சர் கருணாநிதி அவர்களைச் சென்னைக்கு அழைத்துச் சமத்துவப் பெருவிழா எடுத்தார்.

முன்பு விலகியவர்கள் கோழைகளும் அல்ல, பின்பு அமர்ந்தவர்கள் மட்டுமே வீரர்களும் அல்ல. முன்னவர் தனியாக நின்றார். பின்னவருக்குத் துணை இருந்தது. சட்டம் நாற்காலியைப் போடும். அதில் ஒருவர் அஞ்சாமல் உட்கார ஊர் துணை வேண்டும். ஆகவே முதற்குற்றம் மிரட்டியவனுடையது. அடுத்தது, தெரிந்தும் கதவைச் சாத்திக்கொண்ட அண்டை வீட்டாருடையது. தனியாக விடப்பட்டவர்மீது பழி சுமத்துவது தர்மமல்ல.

தலைப்பாகை கட்டி நிமிர்ந்து நிற்க அய்யா பழக்கிய மக்களுக்கு இது புதிய பாடமல்ல. ஊராட்சி உறுப்பினர் ஒருவரை "குடும்பம் இருக்கிறது, பார்த்து நடந்துகொள்" என்று யாரேனும் மிரட்டியது தெரிந்தால், நாலு பேராக அவர் வாசலுக்குப் போங்கள். காவல் நிலையத்துக்கு அவரோடு சாட்சியாகச் செல்லுங்கள். நீங்கள் வாக்களிக்காதவர் ஆனாலும் போங்கள். அவருக்காக இல்லாவிட்டாலும், ஊர் போட்ட வாக்குக்காக.