உப்பு பார்ப்பது

எங்கள் பக்கத்தில் தீபாவளி என்றால் விடிகாலையில் எண்ணெய்க் குளியல், அது முடிந்ததும் இட்லியும் ஆட்டுக்கறிக் குழம்பும். பட்டாசெல்லாம் பிறகுதான். விருத்தாசலத்தில் ரயிலிறங்கி நல்லூர் போய்ச் சேரும்போதே மறுநாளைக்கான மசாலா வாசம் தெருவில் நிற்கும்.

நான் கறி, முட்டை, பால், நெய் எதையும் தொடாமல் இது மூன்றாவது தீபாவளி. சென்னையில் இதை யாரும் பொருட்படுத்துவதில்லை. அம்மாவின் அடுப்படியில் அது ஒரு தீர்ப்புப் போல ஒலித்துவிடுகிறது. முதல் வருடம் அம்மா கேட்டாள்: "நான் ஆக்குனது உனக்கு அசிங்கமாப் போச்சாடி?" கொலை பற்றியும், கன்றிடமிருந்து பிரிக்கப்படும் பால் பற்றியும் என்னிடம் பதில்கள் தயாராக இருந்தன. அவள் கேட்டது அதையல்ல.

2011இல் தமிழக அரசு ஏழைப் பெண்களுக்கு விலையில்லா ஆடுகள் கொடுக்கத் தொடங்கியது, ஒரு குடும்பத்துக்கு நான்கு. அம்மாவுக்கும் கிடைத்தன. அவள் பெயரில் வந்த முதல் சொத்து அதுதான். குட்டிகளுக்குப் பெயர் வைத்து வளர்த்தாள். இரண்டு கிடாக்களை வியாபாரி ஓட்டிக்கொண்டு போன அன்று அவள் சாப்பிடவில்லை. மறுநாள் அந்தக் காசை எண்ணி என் கல்லூரிக் கட்டணத்துக்கு முடிந்துவைத்தாள். உயிர்களின் உரிமை பற்றி நான் படித்ததெல்லாம் அந்தக் கிடாக்களின் விலையில் படித்ததுதான்.

அப்படியானால் இதைப் பேச எனக்கு வாய் உண்டா? நெடுநாள் யோசித்தேன். சாராயக் கடை வருமானத்தில் படித்த மகள் குடிக்கு எதிராகப் பேசலாம் என்றால் நானும் பேசலாம். ஒன்றால் பயன்பெற்றதனாலேயே அது சரி என்று காலமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஆனால் பயன் தந்தவளைவிட நான் உயர்ந்தவள் என்ற பார்வை மட்டும் வந்துவிடக் கூடாது. அது வராமலிருப்பதுதான் கஷ்டம், ஏனென்றால் நம் நாட்டில் இந்த உணவுக்கே அந்தப் பார்வை இருக்கிறது.

2014இன் மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு தொண்ணூற்றேழு பேருக்கு மேல் அசைவம் சாப்பிடுகிறவர்கள். மிச்சமிருக்கும் சிலரின் சாப்பாட்டுக்குத்தான் "சுத்தம்" என்று பெயர். சென்னையில் வீடு தேடியபோது "சைவமா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன், சாவி கிடைத்தது. அதே தெருவில் என் தலித் தோழிக்குக் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து அந்தச் சொல்லை நான் எனக்குச் சூட்டிக்கொள்வதில்லை. நனிசைவம் என்ற புதுச்சொல்லும் நாக்கில் ஒட்டவில்லை. "ஐயரு வூட்டுப் பொண்ணா ஆயிட்டியா?" என்று பக்கத்து வீட்டு அத்தை சிரிக்கிறாள். ஐயர் வீட்டு நெய்யும் தயிரும்கூட எனக்கு ஆகாது என்பதை அவளுக்கு விளக்கி முடிக்க ஒரு தீபாவளி போதாது.

எங்கள் மாவட்டத்து வடலூரில் வள்ளலார் 1867இல் தருமச்சாலை தொடங்கி மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. பசி என்று வந்தவர் எவரானாலும் சோறு. ஆனால் புலால் உண்பவர்களை அவர் புறவினத்தார் என்றார். அவர்கள் பசியையும் ஆற்றச் சொன்னார் என்பது உண்மைதான். இருந்தும் அந்தச் சொல்லில் நான் இடறுகிறேன். என் விஷயத்தில் புறத்தே நிற்பவள் எனக்குச் சோறு போட்டவள்.

இரண்டாம் வருடம் அம்மா எனக்கென்று தேங்காய்ப்பால் குருமா வைத்தாள். அதற்காக மூன்று மணிக்கே எழுந்திருக்கிறாள். எனக்கு அது பிறகுதான் தெரிந்தது. உயிருக்கு இரங்குகிறேன் என்று சொல்லி ஓர் உயிரின் தூக்கத்தைத் தின்றிருக்கிறேன். இன்னொன்றும் அன்று பார்த்தேன். எங்கள் வீட்டில் நல்லி எலும்பு அப்பாவுக்கு, ஈரல் தம்பிக்கு, கடைசியாக உட்காரும் அம்மாவுக்குக் குழம்பு. நான் வேண்டாம் என்ற பங்கு அம்மாவுக்குப் போகும் என்று நினைத்திருந்தேன். தம்பியின் தட்டுக்குப் போனது. இறைச்சிக்கும் ஆண் அதிகாரத்துக்குமான உறவைப் பற்றி கேரல் ஆடம்ஸ் 1990இல் ஒரு புத்தகமே எழுதினார். எனக்கு அது புரிந்தது அந்தக் குழம்புச் சட்டியின் அடியைப் பார்த்தபோதுதான்.

இந்த வருடம் நானும் மூன்றரை மணிக்கு எழுந்தேன். என் குருமாவை நான் வைத்தேன். அம்மாவின் குழம்புக்கும் வெங்காயம் உரித்துக் கொடுத்தேன். அது சரியா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. குழம்பு கொதித்ததும் அம்மா பழக்கத்தில் கரண்டியை என் உள்ளங்கைப் பக்கம் நீட்டினாள். "உப்பு பாரு." சின்ன வயதிலிருந்து அது என் வேலை. கரண்டி அப்படியே நின்றது. அவள் முகம் மாறுவதற்குள் தம்பியை எழுப்பப் போனேன்.

முனகிக்கொண்டே வந்து நக்கிப் பார்த்தான். "கம்மியா இருக்கு."

"அப்ப போடு."

அடுப்படியைச் சுற்றிலும் பார்த்தான். உப்பு ஜாடி எங்கே இருக்கிறது என்று கேட்டான்.