ஒரு வீடும் ஒரு தோணியும்

மனித உள்ளத்தில் நெடுநாள் குடியிருக்கும் ஆசைகளுள் தீவாசையும் ஒன்று. கடன் கொடுத்தோர் முகம் காணாத, அலையோசையன்றி வேறோசை கேளாத ஓரிடத்தில் சில நாளேனும் தங்கிவர வேண்டுமென்று எண்ணாதார் அரியர். இவ்வாசை குற்றமா? அது நிறைவேறும்போது நாம் அடைவதுதான் என்ன? சற்றே சிந்திப்போமாக.

பெரும் பயணியான இப்னு பதூதா, 1325-இல் தம் 21-ஆம் வயதில் தான்ஜா நகரை விட்டுப் புறப்பட்டவர். 1343-இல் மாலைத்தீவை அடைந்து, அங்கே காழியாகப் பதவி வகித்தார், மணம் புரிந்தார், செல்வாக்கும் பெற்றார். பின்னர் வஸீருடன் மனக்கசப்புற்று 1344-இல் வெளியேறினார். அவ்வழியில் தாம் கண்டதொன்றைத் தம் பயண நூலில் பதிந்திருக்கிறார். சின்னஞ்சிறு தீவு; அதில் ஒரே வீடு. அங்கே ஒரு நெசவாளி, அவன் மனைவி மக்கள். சில தென்னை, சில வாழை, ஒரு சிறு தோணி. நிலத்துப் பறவையென்று இரு காகங்களே. அம்மனிதன்மீது தமக்குப் பொறாமை உண்டானதாகவும், அத்தீவு தமக்கு வாய்த்திருப்பின் மரணம் வரும்வரை அங்கேயே ஒதுங்கியிருந்திருப்போமென ஏங்கியதாகவும் ஆணையிட்டுக் கூறுகிறார். டில்லி சுல்தானின் அவையில் அமர்ந்தவருக்கு ஒரு நெசவாளியின்மீது பொறாமை!

மத்ரஸாவில் ஓதிய நாளில் இப்பகுதியைப் படித்தது முதல் மாலைத்தீவு நம் நெஞ்சிலும் குடியேறிற்று. ஏறத்தாழ 30 ஆண்டுகள் கழிந்த பின்னரே அதனைக் காணும் பேறு கிட்டிற்று. அதன் எழிலைப்பற்றிக் கேள்வியுற்ற எதுவும் பொய்யன்று. மாலே நகரில் 1658-இல் பவளக்கல்லால் எழுப்பப்பெற்ற பழைய ஜும்ஆப் பள்ளியின் சுவரருகே நின்றபோது நம் கண்கள் பனித்தன.

ஆயினும், சிறு தீவொன்றின் பள்ளியில் சந்தித்த இமாம் ஒருவர் அரபியில் கூறிய சொற்களே இன்றும் உள்ளத்தில் நிற்கின்றன. "ஷைகு அவர்களே! தாங்கள் அலையோசை கேட்டு உறங்க வருகிறீர்கள். எங்களுக்கோ, இரவில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால், தோணி விடலாமா கூடாதா என்று அறிவதற்கே அலையோசை." வீட்டு வாசலிலிருந்து நடந்தே மருத்துவரிடம் போகக்கூடிய ஒரு பெரிய ஊரில் வாழ்வதுதான் தம் நெடுநாள் கனவென்றார் அவர். அவர் கனவு கண்ட ஊர், நாம் சலித்துக்கொண்டு விட்டுவந்த ஊரைப் போன்றதே!

அவர் கவலை வெறும் அச்சமன்று. அந்நாட்டு நிலத்தின் பெரும்பகுதி கடல்மட்டத்துக்குமேல் ஒரு மீட்டர் உயரமும் இல்லாதது. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை அங்கே 80-க்கு மேற்பட்ட உயிர்களைக் கவர்ந்தது. 2014 டிசம்பரில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் தீப்பற்றியபோது, நாற்புறமும் நீர் சூழ்ந்த தலைநகர் குடிநீருக்குத் தவித்தது. நம் நாட்டிலிருந்து விமானத்திலும் கப்பலிலும் நீர் அனுப்பப்பெற்றது.

இனி அந்நெசவாளியை நினைப்போம். இப்னு பதூதா பொறாமை கொண்டது தீவின்மீதா? தீவுகளில் பல மாதங்கள் வாழ்ந்துவிட்டுத்தானே அவர் மனம் கசந்து வந்தார்! ஆகவே அவர் விழைந்தது மண்ணையன்று, போதுமென்ற மனத்தை. 'கனாஅத்' என்று நம் முன்னோர் போற்றிய செல்வம் அது. அதைக் கப்பலேறிச் சென்று வாங்கிவர இயலாது.

மற்றொன்றும் உண்டு. நெசவாளியிடம் ஒரு தோணி இருந்தது. அதில் அவன் மீன் பிடித்தான். விரும்பியபோது அண்டைத் தீவுகளுக்கும் சென்றுவந்தான். போதுமென்ற மனம் படைத்தவனுக்கும் அண்டை அயலார் வேண்டும். அயலாரை மறந்து ஒதுங்குவது நிறைவன்று, அது தப்பியோடுதல்.

எனவே தீவாசை குற்றமன்று. கடலும் கரையும் இறைவனின் படைப்பே. கண்டு மகிழ்வது நன்றே. ஆனால் அங்கு வாழ்வோர் நம் கனவின் அலங்காரப் பொருள்களல்லர். தொலைதூரம் செல்ல விழையும் இளைஞர்களை நாம் தடுக்கமாட்டோம். சென்று வாருங்கள். கரையிறங்கியதும், அவ்வூராரிடம் அவர்களுடைய கனவு யாதென்று கேளுங்கள். அவ்விடையைக் கேட்டுத் திரும்புபவரின் பயணமே நிறைவுற்ற பயணம்.