பாவம் என்று சொன்ன பிறகு

போன மாதம் எங்கள் ஞாயிறு சமய வகுப்பில் உத்தரையின் கதையைச் சொன்னேன். அஸ்வத்தாமனின் அஸ்திரம் அவள் வயிற்றுப் பிள்ளையைத் தாக்குகிறது. கண்ணன் உயிர் கொடுக்கிறான். அந்தப் பிள்ளைதான் பரீட்சித்து. "அதனாலதான் கருவை அழிக்கிறது மகாபாவம்" என்று முடித்தேன்.

பின்வரிசையிலிருந்து ஒரு தங்கை கேட்டாள்: "அண்ணே, பலாத்காரம் செய்யப்பட்ட பொண்ணா இருந்தா? அவளுக்கும் இதே பதில்தானா?"

எனக்கு வாய் எழவில்லை. வீட்டுக்கு வந்து சட்டத்தைத் தேடிப் படித்தேன்.

நம் தண்டனைச் சட்டத்தின் 312ஆவது பிரிவு கருக்கலைப்பைக் குற்றம் என்கிறது. மூன்றாண்டு வரை சிறை. கரு அசையத் தொடங்கியிருந்தால் ஏழாண்டு வரை. 1989இல் ஒரு விலக்கு வந்தது. கர்ப்பம் தொடர்வது தாயின் உயிருக்கோ, உடல், மன நலத்துக்கோ கூடுதல் ஆபத்து என்று பதிவுபெற்ற மருத்துவர் நல்லெண்ணத்தோடு கருதினால் கலைக்கலாம். பலாத்காரம் என்ற சொல்லே அதில் இல்லை. மன நலம் என்ற வாசல் வழியாகத்தான் அந்தப் பெண் உள்ளே போக வேண்டும். ஒரு டாக்டர் கதவைத் திறப்பார். இன்னொருவர் பயந்து சாத்திவிடுவார்.

பக்கத்துச் சிங்கப்பூர் 1969இலேயே தனிச் சட்டம் இயற்றிவிட்டது. இன்று அங்கே 24 வாரம் வரை அனுமதி உண்டு. அதற்கு முன் ஆலோசனையும் 48 மணி நேரக் காத்திருப்பும் கட்டாயம். அதை அப்படியே கொண்டுவரச் சொல்ல என் மனம் ஒப்பவில்லை. கருவும் உயிர் என்றே நம்புகிறேன்.

ஆனால் நம் சட்டம் இயற்றுவோர் என்ன செய்கிறார்கள்? பல சமயம் வாழும் நாடு, தொட்டால் சுடும் என்று தள்ளி நிற்கிறார்கள். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால், பலாத்காரத்துக்கு ஆளானவளுக்காக ஒரு வரியைத் தெளிவாக எழுதினால் எந்தச் சமயம் கெட்டுப்போகும்? அவர்கள் தள்ளிப்போடலாம், வயிற்றில் வளர்வது காத்திருக்குமா? காசு உள்ளவள் எப்படியாவது ஒரு டாக்டரைப் பிடித்துவிடுவாள். இல்லாதவள் யாரோ விற்கும் மாத்திரையை நம்புவாள்.

அவர்களை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? "மகாபாவம்" என்று சொல்லிவிட்டு வகுப்பை முடித்த நானும் அதைத்தானே செய்தேன்?

உத்தரை தனியாக அழவில்லை. குந்தி இருந்தாள், சுபத்திரை இருந்தாள், திரௌபதி இருந்தாள், கண்ணனும் வந்தான். நம் தாமானில் ஒரு பெண்ணுக்கு அந்த நிலை வந்தால் பக்கத்தில் யார் இருப்பார்கள்? பழி சொல்லாமல் அழைத்துப்போக ஓர் அக்கா உண்டா? பெற்றுக்கொள்கிறேன் என்று அவள் சொன்னால், அந்தப் பிள்ளையைத் தூக்க நாம் தயாரா?

அடுத்த ஞாயிறு அந்தத் தங்கையிடம் சொன்னேன்: "அன்னிக்கு நான் பாதிக் கதைதான் சொன்னேன்மா. மீதியை இன்னிக்குப் பேசுவோம்."